செம்மண்ணில் விழும் நிழல் கறுப்பு அல்ல

யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்து வரம்பில் காலை ஏழரை மணிக்கு நின்று பாருங்கள். ஒற்றைப் பனையின் நிழல் செம்மண்ணில் நீளமாக விழுந்திருக்கும். அதன் நிறம் என்ன என்று கேட்டால் பலரும் யோசியாமல் கறுப்பு என்பார்கள். தைலவண்ணத்தில் மனப்பதிவுவாத முறையில் (இம்ப்ரெஷனிசம், அந்தந்த நேரத்து ஒளியையும் நிறத்தையும் பிடிக்கும் ஓவிய முறை) வரையத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: மண்ணுக்குக் குழைத்த சிவப்பிலேயே கறுப்பைக் கலந்து நிழலை இழுத்துவிடுவது. அந்த இடத்தில் மண் செத்துப்போகும்.

வெயில் படாத இடத்துக்கும் வானத்தின் நீல ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. சிவந்த மண்ணில் அந்த நீலம் விழும்போது நிழல் நாவற்பழத் தோலின் நிறத்துக்குப் போகிறது. அல்ட்ராமரின் நீலத்துடன் அலிசரின் சிவப்பையும் சிறிது காவி நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் வெயில் பட்ட மண் தானாகவே எரியத் தொடங்கும்.

செம்மண் இன்னொரு வேலையும் செய்கிறது. வெயிலை வாங்கி மேலே திருப்பி அனுப்புகிறது. வெள்ளைப் பசுவின் வயிறு, கிணற்றுக் கட்டின் அடிப்பகுதி, வாழையிலையின் கீழ்ப்புறம் எல்லாவற்றிலும் மெல்லிய செம்மஞ்சள் ஏறியிருக்கும். பசு வெள்ளை என்று நமக்குத் தெரியும் என்பதற்காக வெள்ளையைப் பூசினால், அது தோட்டத்தில் நிற்காது. வெட்டி ஒட்டியதுபோல் மிதக்கும். நான் மிகவும் வருந்திப் பார்க்கும் தவறு இது. உரும்பிராய் அடங்கிய வலிகாமப் பகுதியின் ஒளியழகில் பாதி மண்ணிலிருந்துதான் எழுகிறது.

பச்சையை ரியூப்பிலிருந்து அப்படியே பிதுக்கிப் பூசாதீர்கள். புகையிலை மஞ்சள் கலந்த பச்சை. வெயிலில் மினுங்கும் பனையோலையோ சாம்பல் நீலம். நீலத்தையும் மஞ்சளையும் நீங்களே கலந்து, ஒரு துளி சிவப்பால் அதன் கூச்சலை அடக்குங்கள். பனங்கூடலை ஓலை ஓலையாக வரையவும் வேண்டாம். கண்ணை இடுக்கினால் அது ஒரே திரளாகத் தெரியும். அந்தத் திரளை முதலில் வைத்துவிட்டு, ஓரத்தில் ஒளி பிடிக்கும் நாலைந்து ஓலைகளை மட்டும் தொட்டால் போதும்.

நேரம் பற்றிய தவறை நானே செய்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய படத்தைப் பின்னேரம் வரை விடாமல் வரைந்தேன். தண்ணீர் கட்ட வந்த தோட்டக்காரர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, பனையின் நிழல் இந்தப் பக்கம், வேலியின் நிழல் அந்தப் பக்கமோ?” என்று கேட்டார். அன்று மாலையே அதைச் சுரண்டி எடுத்தேன். பிரெஞ்சு மனப்பதிவுவாத ஓவியர் மொனே 1890–91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது, ஒளி மாற மாறக் கன்வஸையும் மாற்றிக்கொண்டார். நமது சூரியன் இன்னும் செங்குத்தாக ஏறுகிறது. ஏழரை மணிக்கு விழுந்த நிழல் ஒன்பது மணிக்குள் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் நிழல் காலடிக்குள் ஒடுங்குகிறது. ஆகவே ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்காதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போங்கள்.

கன்வஸை வெயிலில் வைத்து வரைந்தால் வண்ணங்கள் ஏமாற்றும். தோட்டத்தில் பளிச்சென்றிருந்த படம் வீட்டுக்கு வந்ததும் இருண்டு கிடக்கும். வேம்பின் நிழலிலோ குடையின் கீழோ அதை வையுங்கள்.

தூரிகையை வைத்தால் எடுத்துவிட வேண்டும். ஈர வண்ணத்தின் மேல் மூன்றாம் தடவை தேய்த்தால் சேறுதான் மிஞ்சும். ஒவ்வொரு தொடுகைக்குப் பிறகும் பழந்துணியில் துடையுங்கள். அடிப்படலத்தை டேர்ப்பன்டைனால் மெலிதாக இட்டு, எண்ணெய் கூடிய வண்ணத்தை மேலே வையுங்கள். இந்த வரிசை மாறினால் வண்ணம் பின்னர் வெடிக்கும். மாரியில் வரைந்த படம் காய நாள் எடுக்கும். தடிப்பாகப் பூசியிருந்தால் வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுத்திருங்கள்.