ஊட்டியிலிருந்து கனமான நட்சத்திரங்களின் பிறப்பைத் தேடுவது எப்படி?

சூரியனைப் போல் 8 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அது கனமான நட்சத்திரம். இவை எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் வெகு தூரத்தில் இருப்பவை. சில லட்சம் ஆண்டுகளுக்குள் உருவாகி, சுற்றியுள்ள தூசி விலகும் முன்பே எரியத் தொடங்கிவிடும். தூசியைத் தாண்டிப் பார்ப்பதில்தான் வித்தையெல்லாம்.

1. முதலில் கண்ணால்

மார்கழிக் கடைசியில், இரவு எட்டு மணிவாக்கில், விளக்கு வெளிச்சம் படாத மேடாகப் பார்த்துக் கிழக்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் சிவப்பாகத் திருவாதிரை. அதற்கு வலப்பக்கம், கிட்டத்தட்ட செங்குத்தாக வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கும் வலப்பக்கம் பைனாகுலரைத் திருப்பினால் சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு-தூசி மேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். ஊட்டிப் பனியில் லென்ஸ் சீக்கிரம் மங்கிவிடும். கறுப்பு அட்டையைச் சுருட்டி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

சிறிய தொலைநோக்கி இருந்தால் நடுவில் நெருக்கமாக நான்கு புள்ளிகள் தெரியும். மொத்த நெபுலாவும் ஒளிர முக்கியக் காரணம் அவற்றில் பிரகாசமான ஒன்று. ஆனால் அவை ஏற்கெனவே பிறந்துவிட்டவை.

2. அகச்சிவப்புக்கு மாறுங்கள்

தூசியைத் தாண்டி அகச்சிவப்பு ஒளி வரும். வீட்டுக்குள் வந்து ‘அலாடின் லைட்’ என்ற வான்பட இணையதளத்தைத் திறந்து, ஓரியன் நெபுலாவின் பட்டியல் பெயரான ‘எம் 42’ (M42) என்று தேடுங்கள். இலவசம்தான். சாதாரண ஒளிப் படத்தில் நடுப்பகுதி வெறும் வெள்ளையாக இருக்கும். அடுக்கை ‘டூ மாஸ்’ (2MASS) என்ற அகச்சிவப்பு வண்ணப் படத்துக்கு மாற்றி நன்றாகப் பெரிதாக்குங்கள். தொலைநோக்கியில் பார்த்த அந்த நான்கு நட்சத்திரங்களுக்குச் சற்று மேலே வலப்பக்கம் செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் முளைக்கும். பெக்லினும் நியூகெபாயரும் 1967-ல் அறிவித்த இளம் நட்சத்திரம் அது. நிறை சூரியனைப் போல் சுமார் 10 மடங்கு. இந்த மாற்றத்தை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை செய்து பாருங்கள், பாடப்புத்தகம் இரண்டாம்பட்சமாகிவிடும்.

3. அப்புறம் ரேடியோ

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 11 டிகிரிச் சரிவில் கிடக்கிறதே 530 மீட்டர் நீள ஆன்டெனா, அந்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் கேட்டுவருவது சுமார் 92 சென்டிமீட்டர் அலைகளை. கனமான நட்சத்திரங்கள் அயனியாக்கிய, அடர்த்தி குறைந்த வாயு அதற்குக் கேட்கும். இன்னும் பிறக்காத நட்சத்திரத்தைச் சூழ்ந்த குளிர்ந்த தூசிக்கு மில்லிமீட்டர் அலை வேண்டும். அதற்குச் சிலி நாட்டிலுள்ள ‘அல்மா’ (ALMA) தொலைநோக்கி.

4. மெத்தனால் சமிக்ஞை

6.7 கிகாஹெர்ட்ஸில் மெத்தனால் மேசர் (மெத்தனால் மூலக்கூறுகள் லேசர் போல வெளியிடும் வலுவான ரேடியோ அலை) பளிச்சிட்டால் உள்ளே கனமான குழந்தை என்று நம்பலாம். சிறிய நட்சத்திரங்கள் பக்கம் அது வருவதில்லை. 2015-ல் ‘எஸ் 255’ என்ற நட்சத்திரப் பிறப்புப் பகுதியில் இது திடீரென வலுத்தது. அகச்சிவப்பில் பார்த்தபோது, சூரியனைப் போல் 20 மடங்கு நிறையுள்ள இளம் நட்சத்திரம் தன்னைச் சுற்றிச் சுழலும் வாயு-தூசி வட்டிலிருந்து வாயுவை ஒரே மடக்காக விழுங்கியது தெரிந்தது. சின்ன நட்சத்திரங்களைப் போலவே இவையும் வட்டு வழியாக வளர முடியும் என்பதற்கு வலுவான சான்று அது.