எச்-4 விசாவில் அமெரிக்கா செல்லும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவருக்கு எச்-1பி எனும் தற்காலிகப் பணி விசாவில் வேலை கிடைத்து, அவருடன் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் அமெரிக்கா செல்லும் பெண்களில் பலர் இங்கே நல்ல வேலை பார்த்தவர்கள். அங்கே போனதும் தங்கள் ஆவணங்களை எல்லாம் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். மற்ற சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

விசாவில் அச்சிட்ட தேதி வரை தங்கலாம் என்று நினைக்காதீர்கள். தங்கும் காலத்தை முடிவு செய்வது ஐ-94, அதாவது நாட்டுக்குள் நுழையும்போது உங்கள் பெயரில் செய்யப்படும் வருகைப் பதிவு. உங்கள் பாஸ்போர்ட் முன்னதாகவே காலாவதியாவதாக இருந்தால், பெரும்பாலும் அந்தத் தேதியோடு ஐ-94 முடிந்துவிடும். கணவருக்கு மேலும் ஓராண்டு இருக்கலாம், உங்களுக்கு இருக்காது. அது தெரியாமல் 180 நாள்களுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுகள், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் 10 ஆண்டுகள் மீண்டும் நுழையத் தடை. ஒவ்வொரு முறை நுழைந்த பிறகும் உங்கள் ஐ-94-ஐ இணையத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது வேலை. 2015 மே முதல் எச்-4 பெண்கள் வேலை அனுமதி அட்டை பெற முடிகிறது. ஆனால் கணவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்கான மனு) ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் எச்-1பியின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்புப் பெற்றிருக்க வேண்டும். அட்டை வரும்வரை வீட்டில் சமைத்து விற்பதும், காசு வாங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் அனுமதியற்ற வேலைதான். ரொக்கமாக வாங்கினாலும் அப்படியே. அட்டையைப் புதுப்பிக்க, அது காலாவதியாவதற்கு 180 நாள்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பழைய அட்டை தானாக நீள்வதில்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வேறு. கணவர் அடித்தாலும், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தாலும், "விவாகரத்து ஆனால் விசா போய்விடும்" என்று பயந்து பல பெண்கள் வாய் திறப்பதில்லை. விவாகரத்து முடிந்தால் எச்-4 தகுதி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவி, கணவரின் ஒப்புதல் இல்லாமலே ஐ-765வி படிவத்தில் தனக்கான வேலை அனுமதி கேட்கலாம். ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் 911-ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. நியூஜெர்சியில் 1985 முதல் இயங்கும் மானவி அமைப்பு தெற்காசியப் பெண்களுக்கென்றே இருக்கிறது. அழைப்பதற்குக் கணவர் பார்க்க முடியாத தொலைபேசியைப் பயன்படுத்துங்கள்.