கிளாரிட்டியைக் கூட்டுவதற்கு முன்னால்

போன பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் சித்தப்பாவை ஒரு படம் எடுத்தேன். மரத்தடி நிழல், நெற்றி நிறையத் திருநீறு, சிரித்த முகம். வீட்டுக்கு வந்ததும் படம் திருத்துகிற மென்பொருளில் கிளாரிட்டி ஸ்லைடரை 70 வரைக்கும் இழுத்துவிட்டு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் போன் வந்துவிட்டது: "ஏல, நான் என்ன கரி மூட்டைக்குள்ளயா முங்கி எந்திச்சேன்?" திரும்பப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது.

சாதாரண கான்ட்ராஸ்ட் படம் முழுவதற்கும் சேர்த்து வெளிச்சத்தை மேலேயும் இருட்டைக் கீழேயும் தள்ளும். கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர், டோனல் கான்ட்ராஸ்ட் என்று பிளகின் (ஃபோட்டோஷாப் மாதிரி மென்பொருளோடு சேர்த்துக்கொள்கிற துணைக் கருவி) செய்கிறவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பது வேறு வேலை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டுவது. கருங்கல், பனைத்தூர், பத்தமடைப் பாய், இதற்கெல்லாம் அமிர்தம். முகம், பனிமூட்டம், வெறும் வானம் மூன்றுக்கும் ஆகவே ஆகாது.

கிருஷ்ணாபுரம் கோயில் சிலை ஒன்றை வைத்தே சொல்கிறேன். மண்டபத்துக்குள் வெளிச்சம் கம்மி, ஐஎஸ்ஓ 3200-இல் கையிலேயே பிடித்து எடுத்த படம், சிலை அவ்வளவும் ஒரே சாம்பலாக, தட்டையாக இருந்தது. முதலில் ரா ஃபைலில் (கேமரா பதிந்தபடியே இருக்கிற மூலக் கோப்பு) எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, அப்புறம் நாய்ஸ் குறைப்பு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் புள்ளிபுள்ளியான நாய்ஸும் பிளகின் கண்ணுக்கு விவரம்தான், அதையும் சேர்த்தே தூக்கிக்காட்டும். பிறகு 16 பிட் டிஃப் ஆக ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோங்கள். 8 பிட் ஜேபெக்கில் இந்த வேலையைச் செய்தால் வானம் படிப்படியாகப் பட்டை விழுந்துவிடும்.

கண்ட்ரோல்-ஜே அழுத்தி லேயரை (படத்தின் அடுக்கை) நகல் எடுத்து, அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொண்டால் நாளைக்கு மனசு மாறினாலும் அளவைத் திருத்தலாம். நான் பயன்படுத்துவது நிக் கலெக்‌ஷன் என்ற பிளகின் தொகுப்பில் இருக்கிற கலர் எஃபெக்ஸ் ப்ரோ. கூகுள் 2012-இல் நிக் நிறுவனத்தை வாங்கி, 2016-இல் எல்லாவற்றையும் சும்மாவே கொடுத்தது, 2017-இல் டிஎக்ஸ்ஓ என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபின் மறுபடி காசு. அதில் டோனல் கான்ட்ராஸ்ட் ஃபில்டரைத் திறந்தால் ஹைலைட் (வெளிச்சம்), மிட்டோன் (நடுத்தரம்), ஷேடோ (நிழல்) என்று மூன்று ஸ்லைடர் தனித்தனியாக இருக்கும், இதன் அருமையே அந்த மூன்றுதான். சிலைக்கு மிட்டோன் 25, ஹைலைட் 10, ஷேடோ 5 போதும் எனக்கு. ஷேடோவைக் கூட்டினால் சிலைக்குப் பின்னால் இருட்டில் கிடக்கிற தூண் எல்லாம் முன்னால் வந்து நிற்கும், சிலை தனியாகத் தெரியாது. சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) தொடாதீர்கள்.

ஃபோட்டோஷாப்புக்குத் திரும்பி வந்ததும் அந்த லேயரின் பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கிற விதத்தை) லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். இதைப் பலபேர் செய்வதில்லை. வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் இருந்தபடியே இருக்கும், இல்லையென்றால் கல்லில் இல்லாத ஆரஞ்சும் நீலமும் எட்டிப்பார்க்கும். அடுத்து ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் (லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கிற திரை) பட்டனை அழுத்தினால் கறுப்பு மாஸ்க் வரும், எஃபெக்ட் மொத்தமும் மறைந்துவிடும். ஓரம் மெத்தென்ற பிரஷ், வெள்ளை நிறம், ஃப்ளோ 20. எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் தடவித் தடவிக் கொண்டுவாருங்கள். நான் நகை வேலைப்பாடு, விரல், இடுப்புத் துணி மடிப்பு மூன்றில்தான் தடவினேன், பின்சுவரைத் தொடவே இல்லை. மொத்தம் பத்து நிமிஷ வேலை.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஜிமிக் என்ற இலவச பிளகினைப் போட்டுக்கொண்டால் லோக்கல் நார்மலைசேஷன் மாதிரி நிறைய ஃபில்டர் கிடைக்கும், ஆனால் அதன் வீரியம் கொஞ்சம் முரட்டுத்தனம், லேயர் ஒபாசிட்டியை (லேயர் எவ்வளவு தெரியவேண்டும் என்ற அளவை) 30-க்கு இறக்கித்தான் பார்க்கவேண்டும். பிளகினே வேண்டாம் என்றால் கிம்பிலேயே இருக்கிற அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸை 60-க்குப் பெரிதாக்கி அமவுண்ட்டை 0.2-க்குச் சிறிதாக்குங்கள். ஃபோட்டோஷாப்பில் அதே அமவுண்ட் 20 சதவீதம். கூர்மைக்கென்று வைத்த கருவி கிளாரிட்டி வேலை பார்க்கும்.

கூந்தன்குளத்துக் கூழைக்கடா மாதிரி வெள்ளைப் பறவை என்றால் ஹைலைட் ஸ்லைடரை அளவோடு வையுங்கள், இறகு ஒருமுறை வெளுத்துப்போனால் எந்த பிளகினாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மாஞ்சோலைப் படத்தில் டீஹேஸ் போடுகிறவர்களை மட்டும் எனக்குப் புரிவதே இல்லை. பனியைப் பார்க்கத்தானே அவ்வளவு வளைவு ஏறிப் போனோம், அதைத் துடைத்து எடுத்துவிட்டு என்ன மிச்சம்? வெயில் நேரத்து மணிமுத்தாறு அணைக்கு வேண்டுமானால் 10, 15 போடலாம், அதுவும் தூரத்து மலையில் மட்டும்.

கடைசியாக 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பனை ஓலை வானத்தைத் தொடுகிற விளிம்பைப் பாருங்கள். ஓலையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் அளவு மிஞ்சிவிட்டது. எனக்கு அந்தக் கோடு தெரிவதற்கே ஒரு வருஷம் ஆனது, இப்போது அடுத்தவர் படத்திலும் அதுதான் முதலில் கண்ணில் குத்துகிறது. கோடு இருந்தால் ஒபாசிட்டியைப் பாதியாக்குங்கள், அப்படியும் போகவில்லையென்றால் மாஸ்க்கில் அந்த விளிம்பைக் கறுப்பால் தடவிவிடுங்கள். படத்தின் அளவைச் சிறிதாக்கி, அதற்குப் பிறகுதான் ஷார்ப்பனிங்.

சித்தப்பா படத்தையும் திரும்பச் செய்தேன். திருநீற்றிலும் வேட்டிக் கரையிலும் 15, முகத்தில் மைனஸ் 5. அதைத்தான் இப்போது வாட்ஸ்அப் டிபியாக வைத்திருக்கிறார்.