சைகோனில் பான் கான் தேடிப் பிடிப்பது எப்படி

ஹோ சி மின் நகரில் (ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான்) தோசை மாதிரியான பான் சேயோ சாப்பிட அலைய வேண்டியதில்லை. டிங் கோங் டிராங் தெருவில் 46ஏ கடையில் போய் உட்கார்ந்தால், மஞ்சள் போட்ட மாவில் இறாலும் பன்றி இறைச்சியும் முளைப்பயறும் வைத்துப் பெரிதாக மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பான் கான் அப்படி அகப்படாது. அது பான் ராங், நா டிராங், டா லாட் என்ற ஊர்கள் பக்கத்துப் பண்டம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கரி அடுப்பின் மேல் உள்ள மண் குழிகளில் ஊற்றி, மூடி போட்டு வேகவைப்பார்கள். மஞ்சள் கிடையாது, எண்ணெயும் பேருக்குத்தான். பணியாரம் சுட்டுப் பழகியவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். ஒரு ஆள் அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியாத வேலை என்பதால், புத்தகம் கனத்துக்கு மெனு நீட்டும் பெரிய உணவகங்களில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, எங்கேதான் போவது? மேப்பில் தேடும்போது பண்டத்தின் பெயரோடு பான் ராங் அல்லது டா லாட் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஆங்கில எழுத்தில் banh can என்பதன் கடைசியில் ஒரு எச் கூடிவிட்டால் அது கெட்டி நூடுல்ஸ் சூப், வேறு சாப்பாடு, தேடலில் அதுவும் கலந்து வந்து குழப்பும். அதனால் படங்களைப் பாருங்கள். குட்டி மூடிகளோடு மண் அச்சு தெரிந்தால் கிளம்பிவிடலாம். மஞ்சளாக, ஓரம் எண்ணெயில் முறுகலாக, மேலே இறாலோடு இருந்தால் அது வுங் டாவ் ஊரின் பான் கோட். அருமையான பண்டம்தான், ஆனால் வந்த வேலை அதுவல்ல.

காடை முட்டை ஊற்றியதை முதலில் கேளுங்கள், அப்புறம் கணவாய். டா லாட் வகைக் கடைகளில் ஜோடிக் கணக்கில் விற்பார்கள், ஐந்து என்று சொன்னால் பத்து வரலாம். தொட்டுக்கொள்ள அங்கே இறைச்சி உருண்டை போட்ட சூடான சாறு. பான் ராங் வகையில் மீன் குழம்பும் சீவிய மாங்காயும் இருக்கும், என் ஓட்டு இதற்குத்தான்.

சைவக்காரர்கள் ‘ஆன் சாய்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாவு வெறும் அரிசிதான், ஆனால் சாறில் மீன் சாஸ் இருக்கும், வெங்காயத்தாள் எண்ணெய் பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். ஆப்பில் வரவழைக்க மட்டும் வேண்டாம், டப்பாவுக்குள் வியர்த்து வழவழத்துப் போய்விடும்.