இறுக்கமான சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவது எப்படி?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரப்பர் என்றால் இழுக்க இழுக்க நீளும் பொருள். அதனால் புது டயர் ரிம்மில் ஏறாமல் முரண்டு பிடித்தால் கை தானாகவே இழுக்கப் போகிறது. ஆனால் டயரின் இரண்டு ஓரத்திலும் ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. மடக்கி விற்கும் டயர்களில் கம்பிக்குப் பதில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை நார் இருக்கும். இரண்டுமே நீளாது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் டியூப்தான் கிழியும்.

தேவையான தளர்வு ரிம்மின் நடுவில் இருக்கிறது. டயர் இல்லாத ரிம்மை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஓரக்கம்பி உட்காரும் திட்டு, நடுவில் ஒரு பள்ளம். 700சி சக்கரத்தில் கம்பி உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. பள்ளம் அதைவிட 3 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் கம்பி பள்ளத்தில் இறங்கினால் சுற்றளவில் சுமார் 19 மி.மீ. மிச்சமாகிறது. கடைசி ஒரு சாண் நீளம் ரிம்மின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுவது இந்த மிச்சத்தால்தான். எதிர்ப்பக்கத்தில் கம்பி திட்டின்மேல் ஏறி நின்றால் மிச்சம் கிடைக்காது, டயர் ஏறாது.

முதலில் அளவைப் பாருங்கள்

‘26 இஞ்ச்’ என்று மட்டும் கேட்டு டயர் வாங்காதீர்கள். 26 x 1.95 டயருக்குக் கம்பி உட்காரும் விட்டம் 559 மி.மீ., 26 x 1⅜ டயருக்கு 590 மி.மீ. ஒன்றின் ரிம்மில் மற்றொன்று சேராது. பழைய 28 x 1½ சைக்கிளுக்கு 635. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஓர் எண் இருக்கும். முன்னது அகலம், பின்னது விட்டம். பழைய டயரிலும் புதியதிலும் பின் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து ரிம் டேப்

ஸ்போக் கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்கப் பழைய டியூபை வெட்டிச் சுற்றுவது நம் ஊரில் வழக்கம். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் தடித்த பட்டை பள்ளத்தை நிரப்பிவிடும், தளர்வும் அதோடு போய்விடும். மெல்லிய துணி டேப் சுற்றினாலே பல டயர்கள் வழிக்கு வந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்ட இரும்பு ரிம் உட்புறம் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு டேப்பைச் சுற்றுங்கள்.

இனி ஏற்றுவோம்

1. டயரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள். மடித்து வைத்திருந்த டயர் இளகும்.

2. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசைக்கு வைத்து, ஒரு பக்க ஓரத்தை முழுவதும் ரிம்முக்குள் தள்ளுங்கள். இது பெரும்பாலும் எளிது.

3. டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்றடித்து, வால்வை ஓட்டையில் விட்டு, டியூபை டயருக்குள் சுருக்கமில்லாமல் அடக்குங்கள்.

4. இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்குங்கள். இரு கைகளும் இரு பக்கமாக நகர்ந்து வால்வில் வந்து முடிய வேண்டும். வால்வின் அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் கம்பி இறங்காது. வால்வில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடிப்பவர்கள் கஷ்டப்படுவது இதனால்தான்.

5. டயர் இறுகியதும் கைகளை நிறுத்திவிட்டு டியூபிலுள்ள காற்றை இறக்குங்கள். எதிர்ப்பக்கம் போய், டயரின் இரு சுவர்களையும் சேர்த்துக் கிள்ளி ஓரங்களை நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அப்படியே கிள்ளிக் கிள்ளி வால்வை நோக்கி இரு பக்கமும் வாருங்கள். தளர்வு உங்கள் கையோடு நகர்ந்து வரும். ஒரு சுற்று போதாவிட்டால் இன்னொரு சுற்று. இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரமே கூடாது. டியூப்லெஸ் வகை ரிம்களில் திட்டு அகலமாக இருப்பதால் கம்பி மறுபடி மறுபடி அதன்மேல் ஏறிக்கொள்ளும், விடாமல் தள்ள வேண்டும்.

6. ஒரு முனையைத் தள்ளும்போது மறுமுனை வெளியே வருகிறதா? ஏறிய இடத்தில் டயரையும் ரிம்மையும் சேர்த்து நாடாவால் கட்டிவிடுங்கள்.

7. மீதமுள்ள ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், ரிம்மின் பக்கவாட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது.

8. சக்கரத்தை நிறுத்தி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் டயரை ரிம்மின் மேலாக உருட்டித் தள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் விரல்தான் வலிக்கும். ஒரேயடியாக வேண்டாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக.

அப்படியும் ஏறாவிட்டால் டயரை நெம்பும் பிளாஸ்டிக் லீவர். விரற்கடை அளவுதான் ஒவ்வொரு முறையும் நெம்ப வேண்டும், முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் சிக்காமல் பார்த்துக்கொண்டு.

காற்றடிக்கும் முன்

வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி வெளியே இழுங்கள். அடியில் மாட்டியிருக்கும் டியூப் விடுபடும். பிறகு இரு பக்கமும் டயரை விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். இதைச் செய்யாமல் காற்றடித்தால் சில நேரம் டியூப் வெடிக்கும்.

பாதிக் காற்று அடித்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடியுங்கள். கோடு சீரானதும் டயரில் எழுதியுள்ள அளவைத் தாண்டாமல் காற்றை நிரப்பி, ரிம்மின் பக்கவாட்டிலுள்ள சோப்பைத் துடையுங்கள்.

ஓரிரு முறை கழற்றி மாட்டிய டயர் பொதுவாக முதல் தடவையைவிட லேசாக ஏறும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அந்தக் கழற்றலையும் மாட்டலையும் வீட்டு முற்றத்திலேயே செய்து பாருங்கள். மலையடிவாரத்தில் பஞ்சர் கடை தேடிச் சைக்கிளைத் தள்ளுவது பெரும்பாடு. பையில் இரண்டு லீவர், ஒரு டியூப், சிறிய பம்பு, இரண்டு துண்டு நாடா இருக்கட்டும். சோப்பு இல்லாத இடத்தில் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைத் தடவினாலும் ஓரம் வழுக்கும்.