வெளி ப்ரீஆம்ப் (மைக் சிக்னலை பெரிசாக்குற பெட்டி) போட்டும் இரைச்சல் போகலையா?

ஷ்யூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்கு 60 டெசிபல் கெயினாவது (சிக்னலை ஏத்துற அளவு) வேணும், சின்ன ரெக்கார்டர்ல அவ்வளவு ஏத்தினா உஸ்ஸ்னு இரைய ஆரம்பிச்சிடும், அதுக்குத்தான் வெளி ப்ரீஆம்ப். ஆனா நிறைய பேர் அதை கொண்டுபோய் மைக் இன்புட்லயே சொருகிடறாங்க, அப்ப சிக்னல் திரும்பவும் ரெக்கார்டரோட ப்ரீஆம்ப் வழியாத்தான் போகும், வாங்கின காசு தண்டம்ங்க! லைன் இன்புட்ல (ஏற்கனவே ஏத்தின சிக்னலுக்கான இன்புட்) குடுங்க, டாஸ்காம் டிஆர்-40 ரெக்கார்டர்ல சுவிட்சை லைனுக்கு தள்ளினா போதும். கெயினை ப்ரீஆம்ப்ல ஏத்திட்டு ரெக்கார்டர் லெவலை குறைச்சு வைங்க, சத்தமா பேசுற இடத்துல மீட்டர் -12 டெசிபலை தொட்டா சரி. ரெக்கார்டர்ல ஃபான்டம் (மைக் கேபிள் வழியா அனுப்புற பவர்), ஆட்டோ லெவல் (லெவலை தானா ஏத்தி இறக்குறது) ரெண்டும் ஆஃப். மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவுல போடுற க்ளவுட்லிஃப்டர்ங்கிற சின்ன பூஸ்டர் மட்டும் வேற கேஸ், அதை மைக் இன்புட்லதான் போடணும், 48 வோல்ட் ஃபான்டம் குடுத்தாத்தான் வேலையே செய்யும்.