பேன்டமும் பெரிய கோழியும்: சண்டையில்லாமல் சேர்க்கும் முறை

புதுக்கோழியை இருட்டிய பிறகு தூக்கிப்போய்ப் பழைய கோழிகளுக்கு நடுவே கம்பில் ஏற்றிவிட்டால், விடிந்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஒரே அளவுள்ள, சாதுவான இனங்களிடம் இது சில சமயம் பலிக்கும். குட்டை இனக் கோழியான பேன்டத்தை இப்படிச் சேர்க்காதீர்கள். கோழிகள் கொண்டை, தாடி, முகம் ஆகியவற்றைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. வெளிச்சம் வந்ததும் அந்நிய முகம் தெரிந்துவிடும். கூண்டுக் கதவோ இன்னும் திறந்திருக்காது. முக்கால் கிலோ பேன்டத்துக்கு மூன்று கிலோ கோழியிடமிருந்து ஓட அங்கே இடமில்லை.

சேர்ப்பதற்கு முன் உங்கள் கூட்டத்தை ஒரு வாரம் கவனியுங்கள். தீனித்தட்டில் எது எதை விரட்டுகிறது என்பது அதிகார வரிசை. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரூப்-எப்பெ 1920களின் தொடக்கத்தில் எழுதிய கொத்து வரிசை இதுதான். பெரும்பாலானவர்கள் இதோடு பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மண் குளிக்கும்போது எவை ஒரே குழியில் படுக்கின்றன, மாலையில் அடையும்போது கம்பில் எதற்குப் பக்கத்தில் எது இடம் பிடிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே ஜோடி ஒட்டி உட்கார்ந்தால் அது நட்பு. வரிசையில் மேலே இருக்கும் கோழிக்குக் கடைசிக் கோழி தோழியாக இருப்பதும் உண்டு. சேர்ந்து பொரித்தவை, ஒரே தாயிடம் வளர்ந்தவை ஆகியவற்றுக்குள் இது அதிகம்.

குணத்தில் இனத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதையே முழுதாக நம்ப முடியாது. சில்க்கியும் கொச்சின் பேன்டமும் சாது, அடிக்கடி அடை உட்காரும். செப்ரைட் துறுதுறுப்பானது, பறந்து வேலி தாண்டும். ஓல்டு இங்கிலீஷ் கேம் பேன்டம் தன்னைவிட நான்கு மடங்கு பெரியதோடும் மோதும். பெரியவற்றில் பிரம்மாவும் ஆர்ப்பிங்டனும் பொதுவாகப் பொறுமைசாலிகள். ரோட் ஐலேண்டு ரெட் அதட்டல்காரி. உச்சி இறகு கண்ணை மறைக்கும் போலிஷ், சில்க்கி போன்றவற்றுக்குப் பக்கவாட்டில் வருவது சரியாகத் தெரியாது. திடுக்கிடும், தப்பியோடத் தாமதமாகும், அதனாலேயே கொத்து வாங்கும். கண்ணை மறைக்கும் இறகை மட்டும் கத்தரித்துவிட்டால் அதன் 'கோழைத்தனம்' பாதி போய்விடும்.

புதியவற்றை முதலில் 3 முதல் 4 வாரம் தனியிடத்தில் வையுங்கள். பேன், உண்ணி, சளி, கழிச்சல் எல்லாம் வெளிப்பட அவகாசம் வேண்டும். தனியாக ஒரு கோழியை வாங்கிச் சேர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு. ஒற்றைக் கோழிமீது எல்லாக் கொத்தும் விழும். இரண்டாக வந்தால் பங்கிடப்படும், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும்.

அடுத்து, அதே அடைப்புக்குள் கம்பிவலை கட்டி 7 முதல் 14 நாள் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இருபுறமும் வலையை ஒட்டியே தீனித்தட்டு இருக்கட்டும். வலை வழியாகக் கொத்த முயல்வது நின்று, தத்தம் வேலையாகக் கிளறத் தொடங்கினால் தடுப்பைத் திறக்கலாம். முதலில் மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடங்களில், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி இருக்க வேண்டும். தட்டு ஒன்றே ஒன்றானால் அதிகாரக் கோழி அதன்மேல் காவல் நிற்கும், பேன்டம் பட்டினி கிடக்கும். இரவில் தடவிப் பார்த்தால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை காலியாக இருப்பதில் இது தெரிந்துவிடும்.

கூண்டுக்குள் பெரிய கோழிக்கு 4 சதுர அடி, பேன்டத்துக்கு 2 சதுர அடி, வெளியடைப்பில் பெரிய கோழிக்கு 10 சதுர அடி என்பது குறைந்தபட்சம். புதியவை வரும் காலத்தில் இதைவிடக் கூடுதலாகவே வேண்டும். பேன்டம் மட்டும் நுழையக்கூடிய ஒரு பதுங்கிடமும் வையுங்கள். திறப்பை 12 செ.மீ. அகலத்தில் தொடங்கி, எது நுழைகிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம். வாசல் இரண்டு இருக்கட்டும். ஒற்றை வாசல் பெட்டி பொறியாகிவிடும். கம்பு பெரியவற்றுக்குத் தலைக்கு 25 செ.மீ., பேன்டத்துக்கு 15 செ.மீ.

தலையில் இரண்டு கொத்து, ஒரு விரட்டு, அதோடு முடிந்தால் தலையிடாதீர்கள். அது வரிசை தீர்மானமாவது. ஓடி ஒளிந்ததையும் தேடிப்போய்க் கொத்தினால் தடுக்க வேண்டும். ரத்தம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் சாதுக்கோழியும் சேர்ந்து கொத்தும். தொல்லை தருவது ஒரே கோழி என்றால், அடிபட்டதை அல்ல, அடித்ததைத்தான் நான்கைந்து நாள் அப்பால் வைக்க வேண்டும். திரும்பும்போது அதன் பழைய இடம் ஆட்டம் கண்டிருக்கும். இறகு உதிர்க்கும் பருவத்தில் மேல் வரிசைக் கோழியும் கீழே இறங்கும்; அந்த வாரங்களில் புதியவற்றைச் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால், அடை உட்கார்ந்த பேன்டத்திடமே வேலையை ஒப்படைக்கலாம். முட்டையில் அது மூன்று வாரம் உட்கார்ந்த பிறகு, ஓரிரு நாள் குஞ்சுகளை இரவில் வயிற்றுக்கடியில் வைத்து, முட்டைகளை எடுத்துவிடுங்கள். காலையில் அது குஞ்சைக் கொத்தவில்லை என்று பார்த்த பிறகே விட்டுப்போக வேண்டும். தன்னைவிடப் பெரிதாகப்போகும் இனத்துக் குஞ்சையும் அது பேதமில்லாமல் வளர்க்கும். ஆறு வாரத்தில் குஞ்சு தாயளவு வளர்ந்தும் இறக்கைக்கடியில் தலையை மட்டும் செருகி நிற்கும். தாய் கூட்டத்தில் குஞ்சுகளுக்கு இடம் பிடித்துத் தரும், மற்ற கோழிகளைப் பெரும்பாலும் நெருங்கவிடாது. முட்டைக்கோழித் தீனியில் கால்சியம் அதிகம், குஞ்சுகளுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீனி போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில், பெட்டைகளுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

சேவல் ஒன்று போதும். எட்டுப் பத்து பெட்டைகள் இருக்க வேண்டும். பெரிய சேவலைப் பேன்டம் பெட்டைகளோடு விடாதீர்கள், மிதிக்கும்போது முதுகு கிழியும். தீனியைக் கண்டதும் குரல் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிட்டு, தான் உண்ணாமல் விட்டுத்தருகிற சேவல் வைத்துக்கொள்ளத் தகுந்தது.

நோய்க்காகக் கோழியைப் பிரிக்கும்போது, தொற்றாத நோய் அல்லது காயம் மட்டும் என்றால், அதன் தோழியையும் வலைக்கு அந்தப்பக்கம் சேர்த்து வையுங்கள். தனிமையில் தீனி எடுக்காத கோழி பக்கத்தில் துணை கொத்தித் தின்பதைப் பார்த்தால் தானும் தின்னத் தொடங்கும். கூட்டத்தின் கண்ணில் படாமல் இரண்டு வாரம் இருந்துவிட்டால், குணமாகித் திரும்பும்போது அதையும் மற்ற கோழிகள் புதுக்கோழியாகவே நடத்தும். வலைத் தடுப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.